மெட்டு எங்கே இறங்கும்?

என் கணவர் பாப்பியஸை எரித்து ஒன்பதாம் நாள். காப்புவா நகருக்கு வெளியே, ஆப்பியா சாலையோரக் கல்லறையில் முட்டையும் பருப்பும் படைத்துவிட்டு நின்றிருந்தோம். அவர் எழுதிய பாட்டுகளெல்லாம் சுருள் சுருளாக இருக்கின்றன. மெட்டு எந்தச் சுருளிலும் இல்லை. விருந்துகளில் அவர் பாடும்போது கூடவே குழல் ஊதிய எராஸ்துவிடம்தான் இருக்கிறது. அதனால் வழக்கமான சாவு மெட்டு வேண்டாம், அவர் கடைசியாகக் கட்டிய பாட்டையே ஊது என்று சொல்லியிருந்தேன். அந்த மெட்டும் போய்விட்டால் அவர் முழுக்கப் போய்விடுவார் என்று எனக்குப் பயம்.

கொழுந்தன் தெகிமுஸ் சிரித்தான்.

"யாழ் உடைஞ்சா மெட்டு எங்க போகும் அண்ணி? எங்கயும் போகாது. இல்லாமப் போயிடும். உயிரும் அப்படித்தான், புகை மாதிரி."

"அப்ப எதுக்கு முக்காடு போட்டுக்கிட்டு மது ஊத்த வந்து நிக்கறே?"

"ஊர் வாயை மூட வேணாமா?"

தெகிமுஸ் மதுவை ஊற்றத் தொடங்கினான். எராஸ்து இரட்டைக் குழலை எடுத்தான். சடங்கு முடியும்வரை குழல் ஓயக்கூடாது. ஓய்ந்தால் அபசகுனச் சத்தம் ஏதாவது காதில் விழுந்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது.

கடைசி அடிக்கு முன்னால் குழல் நின்றுவிட்டது.

"என்னடா?" என்றான் தெகிமுஸ்.

"மறந்துபோச்சு ஐயா. இந்த இடத்துல அவர் வாயைப் பாத்துத்தான் ஊதுவேன்."

"இருக்கறது ஒரே ஜாடி மது. மறுபடி ஊது."

மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சாலையில் போன கழுதைக்காரன் ஒருவன், "என்ன, ஆளை இன்னும் அனுப்பி முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் முறை அந்த இடம் நெருங்க நெருங்க என் தொண்டை அரித்தது. எராஸ்து தடுமாறினான். நான் பாடிவிட்டேன். மெட்டு மேலே ஏறி நின்றது.

தெகிமுஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அப்படி இல்ல அண்ணி! ஏறாது, இறங்கும்." முக்காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு பாடியும் காட்டினான். குரல் அப்படியே அண்ணனுடையது.

"புகைன்னியே தம்பி?"

அவன் கிண்ணத்தை மறுபடி எடுத்தான். அவன் பாடிய முடிவு தப்பென்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. நான் பாடியது அவருடையதா, இந்த ஒன்பது நாள் அழுகையில் நானாக வளர்த்துக்கொண்டதா?

"முதல்லேருந்து ஆரம்பி," என்றான் தெகிமுஸ். ஜாடியைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

எராஸ்து குழலை வாயருகே கொண்டுபோனான்.

"அம்மா, கடைசியில எதை ஊதட்டும்?"

"ஏறறதை," என்றேன்.

"இறங்கறதை," என்றான் தெகிமுஸ், அதே மூச்சில்.