கல்யாண ஜாக்கெட்

"பின்னால இழுத்து நாலு ஊக்குக் குத்திட்டா ஆச்சு. பொட்டிக்குள்ள முதுகப் பாக்கப் போறது யாரு?" என்று பெரியம்மா கையை நீட்டினாள். சோபியா ஜாக்கெட்டைக் கொடுக்கவில்லை.

சோபியாவின் அம்மா இன்னாசிமேரியைக் குளிப்பாட்டி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. சாயங்காலம் நாமக்கல் கோயிலில் பூசை, பிறகு அடக்கம். கல்யாணச் சேலையைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். சேலை எந்த உடம்புக்கும் ஒத்துப்போகும். ஜாக்கெட்டுதான் வம்பு. கல்யாண வெள்ளிவிழாவுக்கு அதைப் போட்டபோது அம்மா நல்ல பருமன். உடம்போடு ஒட்ட மடித்துத் தைத்திருந்த டாட் எல்லாவற்றையும் பிரித்து விட்ட பிறகுதான் கொக்கி மாட்டியது. இப்போது கட்டிலில் கிடந்தவள் அதில் பாதிகூட இல்லை.

"ஊக்கெல்லாம் வேண்டாம் பெரிம்மா. ரெண்டு பக்கமும் டாட் புடிச்சுக் கொண்டாரேன்."

"எளவு ஊட்டுல மிசின் ஓட்டுவியா? சனம் என்ன பேசும்?"

"பேசிட்டுப் போவுது."

இன்னாசிமேரி பேசாததையா சனம் பேசிவிடப் போகிறது? முன் வரிசைக்காரியின் ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், பிரசங்கம் நடக்கும்போதே மகளை முழங்கையால் இடித்துக் காட்டுவாள். அவளை ஊக்குக் குத்தி அனுப்புவதாம்!

பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "அது கெடக்கட்டும் சாமி. அவஸ்தைப் பூசுதல் குடுத்தீங்களா?"

சோபியா ஜாக்கெட்டோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொடுக்கவில்லை. வயிற்றில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே அவளும் அண்ணன் ஆண்ட்ரூஸும் பேசி வைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் குடல்புண் என்று சொன்னார்கள். அப்பாவிடமும் அதையேதான். கிறிஸ்துராஜ் வாயில் எந்தச் சேதியும் தெருமுனை தாண்டும்வரைகூட நிற்காது. அப்புறம் எப்படி ஃபாதரைக் கூப்பிடுவது? சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு அவர் வாசலில் நின்றால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பூசுதல் இல்லாமலே அனுப்பிவிட்டார்கள். பெற்றவளுக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று காலையிலிருந்து அவள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

மிசினில் ஒரு பூப்போட்ட துண்டு மூடியிருந்தது. சின்ன வயதில் இந்த அறையில் ஒரு முக்காலிமேல் நின்று அவள் எத்தனை கவுன் போட்டுப் பார்த்திருப்பாள்! அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "மூச்ச இழு, விடு, இப்ப ஆடாத" என்பாள். கிறிஸ்துமஸ் கவுனை எப்போதும் பெரிதாகத்தான் வெட்டுவாள். இடுப்புக்கு மேலே துணியை உள்பக்கம் மடித்து, அடியில் அகலமாகத் தொடங்கி நுனியில் ஒன்றுமில்லாமல் முடிகிற மாதிரி டாட் பிடிப்பாள். மறு வருஷம் அதைப் பிரித்து விட்டால் கவுன் மறுபடி சரியாகிவிடும். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் புதுசாகவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்காகச் சோபியா எவ்வளவு அழுதிருக்கிறாள்! "நீ வளந்துட்டேன்னு எல்லாத்துக்கும் தெரியட்டுமே, உனக்கென்ன?" என்று அம்மா சிரிப்பாள்.

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினாள்.

டாட் ஏற்கெனவே பிடித்திருந்தது. ஒன்றல்ல. முதல் தையலுக்கு உள்ளே தள்ளி இன்னொன்று, அதற்கும் உள்ளே மூன்றாவது. முதல் இரண்டும் அம்மாவின் மிசின் தையல். மூன்றாவது கைத்தையல், தடித்த நைலான் நூலில் நீள நீளமாக ஓடியது. அந்தத் தையலை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். அப்பா பட்டறையில் லாரி சீட்டுக்குப் போடுவது. அவள் பள்ளிக்கூடப் பை அறுந்தபோதும் அப்பா அதைத்தான் போட்டுக் கொடுத்தார்.

கதவைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டாள். கிறிஸ்துராஜ் உள்ளே வந்து, அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இது நீங்க தச்சதுங்களா?"

"ம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதான் எனக்கே சொன்னா. 'போன மாசம் புடிச்ச டாட்டு இந்த மாசம் தொளதொளங்குது, குடல்புண்ணுன்னா இப்புடியா எளைக்கும், புள்ளைங்க பொய் சொல்லுதுங்க'ன்னா. இந்த ஜாக்கெட்டப் போட்டுப் போட்டுப் பாத்துப் புடிப்பா. கடைசியா மிசின் மிதிக்கக் காலு வரல. நீங்க தைங்கன்னா. எனக்கு லாரி சீட்டுதாண்டி தெரியும்னேன். லாரிய விட நான் என்ன கொறைச்சலான்னு கேட்டா."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேப்பா!"

"சத்தியம் வாங்கிட்டா சாமி. 'பாவம், சிரிச்சுச் சிரிச்சுப் பொய் சொல்லுதுங்க. நமக்குத் தெரிஞ்சிருச்சுன்னா தாங்காதுங்க. தெரியாத மாதிரியே இருந்துக்கலாம்'னா."

"அப்ப பூசுதலு..." என்று சோபியா இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

"பூசுதலெல்லாம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் இல்லாத நாளாப் பாத்து ஃபாதரக் கூட்டியாந்தேன். பாவசங்கீர்த்தனம் பண்ணி, நற்கருணையும் வாங்கிட்டா. மறுநா சனிக்கெழம நீ வந்தா எண்ணெ வாசம் தெரிஞ்சுருமோன்னு தலையில மல்லிப்பூ வெச்சு உடச் சொன்னா."

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நினைவிருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியவள், அம்மா தலையில் பூவைப் பார்த்து, அம்மா தேறிவிட்டாள் என்று ஆண்ட்ரூஸுக்குப் போன் போட்டுக் குதித்தாள். அம்மா கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சோபியா அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள். அவர் முரட்டு விரல்களால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆண்களெல்லாம் வெளியே போக, பெரியம்மா அம்மாவின் தோளைத் தூக்கிப் பிடிக்க, கைகளை மெல்ல நீவி ஜாக்கெட்டுக்குள் நுழைத்தாள். கீழிருந்து ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டு வந்தாள்.

சாத்திய கதவுக்கு வெளியே கிறிஸ்துராஜின் குரல் கேட்டது.

"கொக்கி மாட்டுதா சாமி?"

"மாட்டுதுங்கப்பா."

"எங்கியாச்சும் இறுக்கிப் புடிக்குதா?"

சோபியா அம்மாவின் விலாவை உள்ளங்கையால் ஒருமுறை நீவிப் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா. சரியா இருக்குது."