இரண்டாவது கியர்

லாரியின் கியர் பெட்டிக்குள் கையை விட்ட வடிவேலு மேஸ்திரி, கறுத்த எண்ணெயோடு ஒரு பிடிக் குழம்பை அள்ளிச் சந்தியாகப்பனின் மூக்குக்கு நேராக நீட்டினார். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் மரவாடியின் வாசனை அடித்தது.

"மரத்தூளுங்க. வித்தவன் எண்ணெயோட கலந்து ரொப்பியிருக்கான். பல்லு தேஞ்ச சத்தம் வெளிய கேக்காது. கொஞ்ச நாளு பூனை மாதிரி ஓடும். அப்பால அதோட குணத்தைக் காட்டும்."

சந்தியாகப்பன் அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போளூர்ச் சந்தையில் பேர் சொன்னால் தெரிகிற மாட்டுத் தரகர் அவர். கிழட்டு எருதின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவது, நொண்டி மாட்டைச் சேற்றில் நிறுத்தி விலை பேசுவது, இப்படி அவர் கை படாத வித்தை இல்லை. "வாங்குறவனுக்குக் கண்ணு ரெண்டு வேணும், விக்கிறவனுக்கு வாய் ஒண்ணு போதும்" என்று சொல்லிச் சிரிக்கிறவர். அப்படிப்பட்டவர், பூர்வீகக் கொல்லையை விற்ற காசோடு வேலூருக்குப் போய் இந்தப் பழைய லாரியை வாங்கியபோது, எருது வாங்குகிற மாதிரியேதான் வாங்கினார். எதிரே நின்று முகம் பார்த்தார். டயரைத் தட்டினார். நாலு முழம் ஓட்டிக்காட்டச் சொல்லி நடை பார்த்தார். சத்தமில்லாமல் வந்தது. சாது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சாதுவுக்கு வயிறு பெரிது என்று தெரிந்தது. ரேடியேட்டர் ஒழுகியது, ஈயம் வைத்து அடைத்தார். ஸ்பிரிங் பட்டை முறிந்தது, கொல்லுப்பட்டறைக்கு அழுதார். உலகச் சண்டையால் பெட்ரோல் கிடைக்காமல், கரிப்புகையில் ஓட அதன் முதுகில் கரியடுப்பு ஒன்றையும் கட்டினார். எருது சும்மா நின்றால் வைக்கோல்தான் தின்னும். இது சும்மா நின்றாலும் துட்டுத் தின்றது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். போன வாரம் ஜவ்வாது மலையிலிருந்து புளி ஏற்றி இறங்கும்போதுதான் இரண்டாவது கியர் தானாகக் கழன்றது. வண்டி ஒரு நொடி எடையற்றுப் போனது போல இருந்தது. பிறகு பாதை அவர்களை நோக்கி ஓடி வரத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தால் ஈரச் சாக்கை மிதிப்பது போலிருந்தது. டிரைவர் பிலிப் "மாதாவே" என்று கத்தியபடி வண்டியை மலைப்பக்கத்து மண்சரிவில் கொண்டுபோய்ச் சொருகினான். அங்கிருந்து அடிவாரம் வரைக்கும், கழலாமல் இருக்கக் கியர்த் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தவர் சந்தியாகப்பன்தான். கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்க்கிற மிருகம் மாதிரி அது வழியெல்லாம் துடித்தது.

"புதுப் பல்லு இன்னா ஆவும்?" என்று இப்போது கேட்டார்.

"மெட்ராசுலயே கெடையாது. கெடைச்சா முந்நூறு. சண்டை முடியட்டும்ங்க."

"அது வரைக்கும்?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "இதையே ரொப்பி மூடிடலாம். சமவெளில ஓட்டுறவன் யாருக்காவது தள்ளி வுட்டுடுங்க. மலைக்கு மட்டும் வாணாம்."

ரொப்பி மூடினார்கள். ஆனால் கேட்டு வந்தவர் மலைக்காரர். சந்தியாகப்பனிடமே இரண்டு ஜோடி எருது வாங்கியிருந்த அர்ச்சுனக் கவுண்டர். வியாபாரி மேலே வந்து சொல்கிற விலைக்குப் புளியையும் சாமையையும் கொட்டிக் கொடுத்து அலுத்துப்போய், நாலைந்து ஊர்க்காரர்கள் ஒன்று கூடிச் சொந்தமாக லாரி வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

விலை பேசக் குறித்த நாள் காலையில் கூழை ஊற்றிக்கொண்டே மனைவி ஞானமேரி கேட்டாள். "அவுங்க பொம்பளை புள்ளைங்களோடதான சந்தைக்கு எறங்குவாங்க?"

"மாடு விக்கும்போது இது யாரை முட்டும்னு கேட்டுக்கினா விக்கிறேன்?"

"முட்டுனா அடுத்த சந்தைக்கு ஓட்டியாந்து வூட்டு வாசல்ல நின்னு திட்டுவான். இதுல திட்டுறதுக்கு யாரு வருவா?"

சந்தியாகப்பன் வெங்காயத்தைக் கடித்தார். கூழைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சந்தைத் தோப்பில் மலைச்சனம் திரண்டிருந்தது. அர்ச்சுனனின் மனைவி சுந்தரம்மாள் லாரியின் நெற்றியில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். பிலிப் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிலிப்பும் எங்களோடவே வரட்டும் தரகரய்யா. சம்பளம் நாங்க தர்றோம்" என்றார் அர்ச்சுனன். "வண்டியில பார்க்கிறதுக்கு எனக்கு இன்னா தெரியும்? நீங்க குடுத்த எருது ஒண்ணும் சோடை போவல."

கூடிநின்ற தரகர்களில் ஒருவன் குரல் கொடுத்தான். "கொடுத்து வச்சவன்யா சந்தியாகு! இரும்புக்கும் பல்லு புடிச்சுப் பார்க்காத ஆளு கெடைச்சிருக்கான்!" எல்லோரும் சிரித்தார்கள். சந்தியாகப்பனும் சிரித்தார். இவர்கள் நடுவே நின்று, மரத்தூளுக்கு ஏமாந்தேன் என்று வாய்விட்டுச் சொன்னால் தரகுத் தொழில் இன்றோடு சரி. லாரியையும் ஒருவன் தொடமாட்டான். கொல்லையும் போய், லாரியும் போய், தோளில் துண்டு மட்டும் மிஞ்சும்.

அந்தத் துண்டைத்தான் எடுத்து விரித்தார். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையும் துண்டுக்குள் போகும். வாங்குகிறவன் நீட்டுகிற விரல்களை விற்கிறவன் தொட்டு எண்ணிக்கொள்வான். சுற்றி நிற்பவர்களுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். லாரிக்கு ஒரு விரல் முந்நூறு என்று முன்பே பேச்சு. அர்ச்சுனன் மூன்று விரலில் தொடங்குவார், நாலுக்கு இழுத்துவிடலாம் என்பது சந்தியாகப்பனின் கணக்கு.

அர்ச்சுனனின் கை உள்ளே வந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

பேரமே இல்லை. நாலைந்து ஊர்ப் புளியும் அந்த உள்ளங்கையில் இருந்தது. ஓடு உடைத்துக் கொட்டை எடுத்த கை, மரப்பட்டை மாதிரிச் சொரசொரத்தது. அதை ஒரு அமுக்கு அமுக்கினால் வியாபாரம் முடிந்தது. சந்தியாகப்பன் அமுக்கவில்லை. சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து மடக்கினார். அது பழுதின் விலை.

அர்ச்சுனன் குழம்பிப்போய் அவர் முகத்தைப் பார்த்தார். விற்கிறவன் விலையைக் குறைத்து எந்தச் சந்தையிலும் அவர் கண்டதில்லை. பிழையாகப் பிடித்துவிட்டார் என்று எண்ணியோ என்னவோ, சுண்டுவிரலைத் திரும்பவும் நீட்டினார். சந்தியாகப்பன் அதை மறுபடி மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலைத் தொட்டார். அதையும் மடக்கினார். பிறகு நடுவிரல். ஆள்காட்டி விரல் இணங்க மறுத்துக் கொஞ்ச நேரம் விறைத்து நின்றது.

"இன்னாய்யா, ஒரு லாரிக்கு இம்மா நேரமா? படிஞ்சுதா இல்லியா?" என்று தரகர்களில் ஒருவன் கத்தினான்.

சந்தியாகப்பனின் முகம் எதையும் காட்டவில்லை. வாழ்நாளெல்லாம் பழக்கிய முகம். கழுத்தில் மட்டும் வியர்வை இறங்கியது. கடைசியில் கட்டைவிரலையும் மடக்கி, ஒரு விலையும் இல்லாத வெறும் முட்டியாகிவிட்ட அந்தக் கையைத் தன் கைக்குள் இறுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டார்.

காலையிலிருந்து அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அர்ச்சுனனின் கண்கள் மெல்லத் திரும்பி லாரிக்குப் போயின. அங்கே பெண்கள் மூட்டைகளோடு ஏறி இடம் பிடித்திருந்தார்கள். சுந்தரம்மாள் பின்தட்டில் குனிந்து, கீழே குழந்தையோடு நின்ற ஒருத்தியைத் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.