திரை நிறைய வாப்பா

காலிதீன் ஹாஜியார் தன் வாப்பாவின் பெயருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் விலை சொன்னார். நதீரா வாயைத் திறப்பதற்குள் அறுபதாக்கினார். கல்முனையில் ஒரு புடவைக் கடைக்காரர் தான் கொடுக்கிற விலையைத் தானே ஏற்றுவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"எல்லார்ட பேரும் ஒரே மாதிரிக் கிடக்கு மகள். வாப்பாட பேர மட்டும் கொஞ்சம் பெருசாப் போடு. தடிச்ச எழுத்தெண்டாலும் காணும்."

"அதுக்குக் குறி இல்ல ஹாஜியார்."

"ஒரு குறியக் கூட்டன்."

நதீரா நடத்தியது ஊரில் இறந்தவர்களின் பெயர் போடும் மௌத்து அறிவித்தல் பக்கம். இணையத்துக்கு ஓரமாக, அதன் சந்தை இரைச்சல் எதுவும் எட்டாத ஒரு சின்னப் பாதையில் அது இருந்தது. படமில்லை, வண்ணமில்லை. வரியின் தொடக்கத்தில் போடும் குறிகளும் மூன்றுதான்: தலைப்புக்கு ஒரு குறி, இணைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி. மற்றதெல்லாம் வெறும் வரி. அவ்வளவு எளிது என்பதால்தான் டோகாவில் லொறி ஓட்டும் றஸ்மி, ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து அதை வாசிக்கத் தனக்கென்று ஒரு செயலியே எழுதிக்கொண்டான். பார்வையில்லாத மஜீட் காக்காவுக்கு அவருடைய செயலி அதைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டியது. இன்னொரு குறி வந்தால் இவர்கள் எல்லாரும் தங்கள் செயலியைப் பிரித்துக் கட்ட வேண்டும். அடுத்த வீட்டு மௌத்துக்குச் சிவப்பு நிறம் கேட்பார்கள். அதற்கடுத்தவர் பூப்போட்ட கரை கேட்பார்.

ஆனால் அந்த இணையப் பக்கம் குடியிருந்த சின்னக் கணினி, ஹாஜியாரின் கடையில் இடுப்பில் கட்டும் சாரங்கள் அடுக்கிய தட்டுக்கு மேல் இருந்தது. கரண்டும் அவருடையது, இணைப்பும் அவருடையது. வேறு இடம் கிடைக்காமல் அவள் அலைந்த அலைச்சல் அவருக்கும் தெரியும்.

"அப்ப இது ஏன் என்ட கடையில கிடக்கு?" சத்தம் போடாமல்தான் கேட்டார். கை கணினியின் பிளக்கில் இருந்தது.

நதீரா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பேரம் பேசுகிற முகமில்லை. இந்தக் கிழமை வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த முகம்.

"எழுத்து எவ்வளவு பெருசெண்டு நான் சொல்றல்ல ஹாஜியார், வாசிக்கிற ஆள்தான் சொல்ற. போனத் தாங்க."

அவருடைய செயலியில் எழுத்தின் அளவை உச்சத்துக்கு ஏற்றிப் பக்கத்தைத் திறந்தாள். ஹாஜியாரின் வாப்பா மீராலெப்பை கலந்தர், திரையை அடைத்துக்கொண்டு நின்றார். ஹாஜியாரின் கை பிளக்கை விட்டு வந்து போனைப் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு விரல் கீழே நகர்ந்தது. சாய்ந்தமருதில் கரைவலை இழுத்த ஒருவர் அதே அளவில் வந்தார். அவருக்குப் பின்னால், நிந்தவூரில் இடியப்பம் விற்ற ஒரு உம்மா.

"இவங்களும் பெருசாத்தானே வாறாங்க?"

"துணி மாதிரி முழுக் கட்டாத்தான் வரும் ஹாஜியார். பீஸ் பீஸா வெட்டித் தரேலா."

"நான் விலை சொன்னது ஒரு பேருக்கு."

"மத்தது சும்மா."

ஹாஜியார் ஒவ்வொரு பெயரிலும் நின்று உதடசைத்து துஆச் செய்தார். வாடிக்கையாளர் ஒருவர் சாரத்தின் விலை கேட்டு, பதில் வராமல் திரும்பிப் போனார். கடைசிப் பெயர் முடிந்ததும் அவர் நிமிர்ந்து, எதிர்க் கடைக்கு இரண்டு விரல் காட்டினார். தேத்தண்ணி வந்தது.

தட்டுக்கு மேலே கணினியின் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. கேட்ட குறி ஒன்று, கூட்டியது இல்லை. சொன்ன விலை அறுபதாயிரம், வாங்கியது இல்லை. கணக்கில் அவள் பக்கம் கடனாக நின்றது ஒரு தேத்தண்ணி, சீனி கூடப் போட்டது.