காம்பு கீழே இருந்த தக்காளி

சங்கத் தலைவருக்கு வாய் இருந்தது. அதை விட்டால் வேறு எதுவும் இருந்ததாக அவர் மனைவிக்கு நினைவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரே வருடத்தில் இரண்டு காரியம் சாதித்தார். எல்லை தாண்டி வேலைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வைத்தார். எல்லை தாண்டி வந்த தக்காளிக்கும் தடை வாங்கினார். "இனிமே நம்ம தக்காளிதான், நம்ம கைதான்" என்று மேடைக்கு மேடை முழங்கினார்.

நம்ம தக்காளி என்றால் அவர் மனைவியுடைய தக்காளி. அவள் அப்பா கொடுத்த நிலம். வருடக்கணக்கில் சுமாராகவே காய்த்துவிட்டு இந்த முறைதான் கிளை ஒடியக் காய்த்திருந்தது. மழைக்கு முன்னால் பறித்தாக வேண்டும். போன வருடம்வரை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெட்டைக்காரி தன் ஆட்களோடு வந்து பறிப்பாள். காம்பு கீழே இருக்கும்படி பெட்டியில் அடுக்கி, நாலு மூலையிலும் காகிதத்தைக் கசக்கி வைப்பாள். அவளையும்தான் அனுப்பியாகிவிட்டதே.

"நம்ம கை எங்கேங்க?" என்று மனைவி அவரிடம் கேட்டாள்.

"ஏன், எங்க அண்ணன் பசங்க சும்மாத்தானே சுத்துறாங்க."

வந்தார்கள் துரைமார்கள், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். நின்றபடி எட்டியதை மட்டும் பறித்தார்கள். பறித்ததைச் சாக்கில் போட்டு, இன்னும் கொள்ளட்டும் என்று முழங்காலால் அமுக்கினார்கள். தக்காளியை முழங்காலால் அமுக்குகிற ஜென்மங்களை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சாயங்காலம் சாக்கிலிருந்து சாறு ஓடியது. மறுநாள் ஒருத்தனும் வரவில்லை, மழைதான் வந்தது. மிச்சமெல்லாம் செடியிலேயே அழுகியது. அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதபோது தலைவர் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

சந்தையில் தக்காளி இல்லை என்று ஊரே கத்தியது. அரசாங்கம் சத்தமில்லாமல் தடையை எடுத்தது. வெளியிலிருந்து வந்த முதல் லாரியை வரவேற்றுப் பேச யாரைக் கூப்பிட்டார்கள்? இவரைத்தான். இவரும் கொஞ்சம்கூடக் கூசாமல், "மக்களுக்குத் தக்காளி கிடைக்கணும்னு போராடினவன் நான்" என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற மனைவி லாரியிலிருந்து இறக்கிய ஒரு பெட்டியைத் திறந்தாள். காம்பு கீழே. நாலு மூலையிலும் கசக்கிய காகிதம்.

ஒலிபெருக்கியில் விழும்படியே சொன்னாள். "கொஞ்சம் நிறுத்துங்க. இது நெட்டைக்காரி அடுக்கினது. அவ கை வேணாம்னு நீங்கதான் அனுப்பி வச்சீங்க. இன்னைக்கு அதே கை அனுப்பினதுக்கு நின்னு கைதட்டுறீங்க."

தலைவர் வாயைத் திறந்தார். கல்யாணமாகி முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதைப் பார்க்க ஒரு நிலத்துத் தக்காளி முழுக்க அழுக வேண்டியிருந்ததே என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.