ரொக்கலூனா கோட்டையில் ஒரு மழை

ஈஸ்டருக்கு மறுநாள் ஊரே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடும். ஒர்னெல்லாவும் அவள் கணவன் நெவியோவும் வருஷம் தவறாமல் ஏறுவது தங்கள் ஊரான ரொக்கலூனாவுக்கு மேலே இடிந்து கிடக்கும் கோட்டைக்குத்தான். இந்த முறை நெவியோவுக்கு முழங்கால் வலி. வழி நெடுக முனகிக்கொண்டே வந்தான்.

"கூடையையும் நானே சுமக்கணும், உன் புலம்பலையும் நானே கேக்கணுமா?" என்றாள் ஒர்னெல்லா.

மேலே போனால், கோபுரத்தடியில் அவர்கள் எப்போதும் உட்காரும் புல்தரையில் வேறொரு ஜோடி விரிப்பு போட்டிருந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் வால்செரா ஊர் செத்திமியோவும் அவன் மனைவி இவானாவும். நெவியோவுக்கு முழங்கால் வலி பறந்துபோயிற்று.

"உங்க ஊர்ல உக்கார இடமே கிடைக்கலையா?"

"எங்க கோட்டையில உக்கார உங்களைக் கேக்கணுமா? இதைக் கட்டினதே எங்க பிரபுதான்," என்றான் செத்திமியோ, இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.

"கொளுத்தினதும் உங்க ஆளுங்கதானே."

"உள்ள உங்க ஆளுங்க இருந்தாங்க. வேற வழி?"

ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவானா தலையில் அடித்துக்கொண்டாள். "எழுநூறு வருஷமா இதையே பேசுறாங்க. அலுக்கவே அலுக்காதா?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கோட்டையில் கூரை என்று மிஞ்சியிருந்தது பழைய குதிரை லாயத்தின் ஒரு கல் வளைவு மட்டும்தான். நான்கு பேரும் அதற்குள் ஓடிப்போய் ஒடுங்கி நின்றார்கள். செத்திமியோவின் ஒயின் பாட்டில் மட்டும் வெளியே புல்லில் நனைந்துகொண்டிருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த நெவியோ, சட்டென்று மழையில் இறங்கி அதை எடுத்துவந்தான்.

"ஒயின் என்ன பாவம் பண்ணுச்சு," என்று நீட்டினான்.

செத்திமியோ முதல் குவளையை அவனுக்கே ஊற்றிக்கொடுத்தான். ஒர்னெல்லா கீரையும் முட்டையும் வைத்துச் சுட்ட அடையைப் பிரித்தாள். இவானா வறுத்த ஆட்டுக்கறியை எடுத்து வைத்தாள். நெவியோ இரண்டாம் முறையும் கறிக்குக் கை நீட்டினான்.

"வால்செரா சமையலாச்சே, உள்ள இறங்குதா?" என்று கேட்டாள் ஒர்னெல்லா.

"இறங்கலன்னுதான் ஒயினைக் குடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு எலும்பைச் சப்பினான்.

மழை விட்டபோது கீழே இரண்டு ஊர்க் கூரைகளும் வெயிலில் பளபளத்தன. எந்த ஊர் மணிச் சத்தம் அதிக தூரம் கேட்கும் என்று ஆண்கள் அடுத்த சண்டையைத் தொடங்கினார்கள். மதில் வெயிலில் காய்ந்ததும் பெண்கள் இருவரும் அதன்மேல் கால் நீட்டிச் சாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒர்னெல்லா தூங்கியே போனாள்.