கரைக்கூலி

டிரைவர் என்று பெயர் வாங்கி ஒன்பது மாதமாகியும் ரசலையன் ஒரு மோட்டாரைத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் கண்டிராக்கு ஜஸ்டஸின் வண்டி மாடுகளைத்தான். காலையில் மாடு குளிப்பாட்டுவான், பகலில் விறகு எண்ணுவான், சாயங்காலம் கண்டிராக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பான். சம்பளம் பாதி. மோட்டார் வந்து சேர்ந்தால் முழுச் சம்பளம் என்று பேச்சு. நாகர்கோவில் சந்தையில் அவன் தலையைக் கண்டால் போதும், எவனாவது ஒருத்தன் வாயாலேயே ஹாரன் அடிப்பான். சிலோனில் ஒரு தோட்டத்துத் துரையிடம் நாலு வருஷம் மோட்டார் ஓட்டி, துரை கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு ஊர் திரும்பியவனுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

ஜஸ்டஸ் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கு வேலையாள் அனுப்புகிறவர். மாட்டுவண்டியில் மலைக்குப் போய்ப் போய் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. துரைமார் முன்னால் மாட்டுவண்டியிலிருந்து இறங்குவது அதைவிட வலி. ஆவணியில் மதராஸ் கம்பெனிக்கு எழுதி முன்பணம் கட்டினார். ஆறு வாரத்தில் வண்டி என்றார்கள். ஆறு வாரம் கழித்து, சீமையிலிருந்து கப்பலே கிளம்பவில்லை என்று கடிதம் வந்தது. பிறகு கப்பல் வந்தது, வண்டி வரவில்லை. மார்கழியில் ஒருவழியாக வண்டியும் வந்தது. ஆனால் அதை ரயிலில் திருநெல்வேலிக்கு ஏற்றி, ஆரல்வாய்மொழி வழியாகக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் கூலியைக் கம்பெனி எழுதியதும் ஜஸ்டஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கறுப்பு மணல் ஏற்றக் கொழும்பிலிருந்து குளச்சலுக்குக் கப்பல் வெறுமனே வருகிறதே, அதில் போட்டுக்கொண்டு வந்தால் பாதிக்காசுதானே ஆகும் என்று யாரோ அவர் காதில் ஓதினார்கள். ஓதின புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மதராஸ் வண்டி வேண்டாம், கொழும்புக் கிளையிலிருந்து வேறு வண்டி என்று ஏற்பாடு மாறியது. அப்புறம் தொடங்கியது கடிதத் திருவிழா. கட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, கப்பல் தளத்தில் இடம் அடைப்பதற்குக் கூலி, கடலில் ஏதாவது ஆனால் ஈடு கட்டுவதற்கு ஒரு கூலி. மாசியில் ஒரு கப்பல் வண்டியில்லாமல் வந்தது, பங்குனியில் இன்னொன்று. ஜஸ்டஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதையெல்லாம் அனுப்பினார். கடிதத்தோடு எவன் பேரம் பேச முடியும்? திட்டுவதற்குக்கூட எதிரில் ஆள் இல்லை.

ரசலையனின் வயிற்றில் எரிந்த நெருப்பு வேறு. இரணியல் பக்கம் பூங்கனி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். சபையில் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வாசித்த ஓலைக்கு மூன்று மாதம்தான் உயிர். அதற்குள் தாலி கட்டாவிட்டால் அது வெறும் காகிதம். பெண்ணின் அப்பா கறாரான மனிதர். டிரைவருக்குப் பெண் தருகிறேன் என்றுதான் சொன்னேன், மாடு குளிப்பாட்டுகிறவனுக்கு இல்லை, வண்டியில் ஏறி உட்காரட்டும், மறுவாரமே கல்யாணம் வைக்கிறேன் என்றுவிட்டார். ஓலை கழிந்துபோனால் தாலுகாக் கச்சேரிக் குமஸ்தா ஒருவர் வீட்டில் பெண் கேட்கிறார்கள் என்றும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். பூங்கனி ஒரே ஒரு தடவை, கோயில் வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்தபடி, நீர் மெய்யாகவே மோட்டார் ஓட்டுவீரா என்று அவனிடம் கேட்டாள். அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசி பத்தாம் தேதி கப்பல் வந்தது. அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் அது. அதை விட்டால் மழைக்காலம் முடிந்து ஆவணியில்தான் குளச்சலில் நங்கூரம் விழும். விடியும் முன்பே ஜஸ்டஸும் ரசலையனும் கடற்கரையில் நின்றார்கள். கப்பல் ஒரு மைலுக்கு அப்பால் நின்றது. தளத்தின்மேல் படுதா போர்த்திய ஒரு உருவம் தெரிந்தது. கடல் அன்று காலையில் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

குளச்சலில் கப்பல் கரைக்கு வராது, சரக்கை வள்ளத்தில்தான் இறக்கிக்கொண்டு வரவேண்டும். மோட்டார் என்றால் இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே குறுக்காகப் பலகை பரப்பி, அதன்மேல் நிறுத்திக் கொண்டுவருவார்கள். வள்ளக்காரர்களுக்குத் தலைவன் மரியான். வார்த்தையை அளந்து பேசுகிற மனிதன். இரண்டு வள்ளம், பன்னிரண்டு ஆள், பலகை, வடம் எல்லாம் சேர்த்துக் கரைக்கூலி அறுபது ரூபாய் என்றான். உச்சைக்கு முன்னால், வெயில் தலைக்குமேல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அதன்பிறகு மேல்காற்று எழும்பும் என்றும் சொன்னான்.

ஜஸ்டஸ் முப்பத்தைந்து என்றார்.

கம்பெனியின் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து விரித்து, குளச்சல்வரை எல்லாக் கூலியும் கட்டியாயிற்று என்று படித்துக் காட்டினார். கப்பலிலிருந்து இறங்கின பிறகு அவர்கள் பொறுப்பில்லை என்று அதே கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது, அதைப் படிக்கவில்லை. ஒன்பது மாதமாக முகம் தெரியாதவன் கேட்டதையெல்லாம் வாய் திறக்காமல் கொடுத்த மனிதர், நேரில் வந்து நின்று கேட்டவனிடம் ஒற்றைக்காலில் நின்றார். மதராஸ்காரன்மேல் இருந்த கோபம், கொழும்புக்காரன்மேல் இருந்த கோபம் எல்லாவற்றுக்கும் அந்த மணலில் ஒரு மரியான் கிடைத்தான். இல்லை என்று சொல்ல வேறு யார் இருந்தார்கள் அவருக்கு? தென்னை நிழலில் குடையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு முப்பத்தெட்டு என்றார், நாற்பது என்றார். மரியான் ஐம்பத்தைந்துக்கு இறங்கினான். வெயில் ஏறியது. ரசலையன் கப்பலையும் கண்டிராக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளியைக் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்?

உச்சை கழிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நங்கூரம் தூக்குவோம், வண்டியை எடுக்காவிட்டால் திரும்பக் கொழும்புக்கே கொண்டுபோய் விடுவோம், போகிற கூலியும் உங்கள் தலையில்தான் என்று கப்பலிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் ஜஸ்டஸ் அசைந்தார். ஐம்பது என்று எழுந்தார். மரியான் கடலைப் பார்த்தான். கடல் காலையில் பார்த்த கடலாக இல்லை. இனி நூறு தந்தாலும் வேண்டாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் ரசலையன் அவன் பின்னால் ஓடினான். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஓலை, பூங்கனி, மாடு, ஒன்றையும் ஒளிக்கவில்லை. சக்கரத்துக்கு ஆப்பு வைத்துக் கயிற்றாலும் கட்டுங்கள், போதாததற்கு நானே வண்டிக்குள் இருந்து கரை சேரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறேன், உருளாது என்று கெஞ்சினான். மரியான் பிடி கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவன் தம்பி கபிரியேலுக்குத்தான் மனசு இளகியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன் அவன்.

"கலியாணக் காரியமாக்கும், அண்ணே. போயிட்டு வருவம். மாப்பிளைய இப்பிடி நிறுத்தி வைக்காண்டாம்," என்றான் கபிரியேல். சொல்லிவிட்டு ரசலையனைப் பார்த்துச் சிரித்தான்.

மரியான் தம்பிக்காகத்தான் இறங்கினான்.

கப்பலடியில் கிடைத்த அரைமணி நேரம் ரசலையனின் வாழ்நாளிலேயே நல்ல நேரம் என்று சொல்லவேண்டும். படுதாவை உருவினதும் கறுப்பாக மின்னிக்கொண்டு வண்டி நின்றது. தோல் இருக்கையின் புது வாசனை அவன் மூக்கில் ஏறியது. சங்கிலியில் தொங்கி வந்து பலகைமேல் சக்கரம் பதிந்தபோது இரண்டு வள்ளமும் முனகின. வண்டியின் முகம் கரையைப் பார்த்திருந்தது. அவன் ஏறி உட்கார்ந்து பிரேக்கில் காலை வைத்தான். வலது வள்ளத்தில் மரியான் நின்றான். இடது வள்ளத்தில் கபிரியேல் தண்ணீர் இறைத்துக்கொண்டே, ஹாரனை ஒருதரம் அடியும் மாப்பிளே என்றான். ரசலையன் அடித்தான். துடுப்புப் போட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கரைக்கு ஐம்பது அடிகூட இல்லை, அலை மடங்குகிற இடத்தில்தான் அது நடந்தது. பின்னாலிருந்து வந்த ஒரு அலை தூக்கிப் போட்டதில் முன்பக்கத்து வடம் அறுந்து வள்ளங்கள் வாய் பிளந்தன. பின்சக்கரத்துக் கயிறு போயிற்று, ஆப்பு தெறித்துக் கடலில் விழுந்தது. இடதுபக்கப் பலகை ஒன்று நழுவி, கபிரியேலின் தொடையை வள்ளத்தின் பக்கவாட்டோடு சேர்த்து அழுத்தியது. அந்தப் பலகையின்மேல் வண்டியின் முழுப் பாரமும் இருந்தது. இடது வள்ளம் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. பாரம் தாங்காமல் அது அமுங்க அமுங்கத் தண்ணீர் கபிரியேலின் நெஞ்சுக்கு ஏறியது. அடுத்த அலையில் முன்பக்கம் மேலே எழுந்தபோது வண்டி பின்னோக்கிக் கடலுக்குள் போகத் துடித்தது. அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது ரசலையனின் கால் ஒன்றுதான். காலை எடுத்தால் வண்டி போகும், பலகை எழும்பும், கபிரியேல் பிழைப்பான்.

"பிரேக்க விடு மக்கா! வண்டி போவட்டு, நீ வெளிய சாடிரு!" என்று மரியான் கத்தினான்.

ரசலையனுக்குக் கேட்டது. இரண்டாம் தடவையும் கேட்டது. மூன்றாம் தடவை மரியானின் குரல் கிழிந்ததுகூடக் கேட்டது. அவன் கல்நெஞ்சன் இல்லை, அதைச் சொல்லாமல் போனால் எனக்குப் பாவம். இன்னும் ஒரே ஒரு அலை, அது கரையில் கொண்டுபோய்த் தள்ளிவிடும், வண்டியும் பிழைக்கும் கபிரியேலும் பிழைப்பான் என்று நினைத்தான். ஒன்பது மாதம் பொறுத்தவனுக்கு ஒரு அலை பொறுக்க முடியாதா? நாலாம் தடவை மரியான் கத்தும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்தான்.

அவன் நினைத்தது நடந்தது. அந்த அலை வந்தது, எல்லாவற்றையும் சேர்த்துக் கரையில் தள்ளியது. நாற்பது பேர் ஓடிவந்து வண்டியை மணலுக்கு இழுத்தார்கள். ஒரு கீறல் இல்லை. பலகையைத் தூக்கிக் கபிரியேலை எடுத்தபோது அவன் அமுங்கின வள்ளத்துக்குள், இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போயிருந்தான்.

ஜஸ்டஸ் முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகுதான் கூட்டத்தின் நடுவே கிடந்தவனைப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கபிரியேலின் பெண்சாதி கிளாரா ஓடிவந்து விழுந்து, அவன் முகத்து மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். தான் கடைசியாகச் சொன்ன ஐம்பதை எண்ணி மரியானின் பக்கத்தில் வைத்த ஜஸ்டஸ், கொஞ்சம் யோசித்து, கிளாராவைக் காட்டி இது அந்தப் பிள்ளைக்கு என்று மேலே ஒரு பத்து ரூபாயும் வைத்தார். ஆக அறுபது. காலையில் கடல் எண்ணெய்போல் கிடந்தபோது மரியான் கேட்ட அதே அறுபது. அந்த மனிதருக்கு அது உறைத்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. மரியான் பணத்தைத் தொடவில்லை. நேரே ரசலையனிடம் வந்தான்.

"நான் கத்தினது ஒனக்குக் கேட்டுதா, மக்கா?"

ரசலையன் வண்டிக்குள் இருந்து இறங்கியிருக்கவில்லை. கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.

"இல்லண்ணே. அலைச் சத்தம். கேக்கல்ல."

மரியான் ஜஸ்டஸ் பக்கம் திரும்பினான்.

"கண்டிராக்கே, உமக்க டிரைவருக்குக் காது கேக்காது. நாலு முழம் தள்ளி நின்னு நாலு மட்டம் கத்தினேன், கேக்கல்லியாம். இவனை நம்பி மலையில ஏறாதேயும்."

ஜஸ்டஸுக்கு உள்குத்து எதுவும் எட்டவில்லை. எட்டினது மலை மட்டும்தான். கீரிப்பாறை வளைவுகளும், எதிரே இறங்கி வரும் மூங்கில் வண்டிகளும், பக்கத்துப் பள்ளமும் அவர் கண்ணில் வந்து நின்றன. காது கேளாதவன் கையிலா இவ்வளவு காசு போட்ட வண்டி? அவர் முகம் மாறியது. இவன் இல்லாவிட்டால் நாளைக்கே இன்னொரு டிரைவர் கிடைப்பான்.

"எலே ரசலையா, உள்ளதச் சொல்லு. ஒனக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

கரையில் நின்றவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கேட்காது என்றால் வண்டி போயிற்று, பூங்கனி போனாள், நாளைக் காலையில் அந்த மாடுகள்கூட இல்லை. கேட்கும் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே ஜஸ்டஸைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ரசலையன் கபிரியேலின் பக்கம் பார்க்காமல் கைப்பிடிச் சக்கரத்தையே பார்த்தான்.

"கேக்கும் முதலாளி," என்றான். "நல்லா கேக்கும்."

கிளாராவின் கை நின்றது. அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். மரியான் தலையை ஆட்டிக்கொண்டு, வந்த வழியே போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தான். ரசலையனை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. ஜஸ்டஸ் நிம்மதியாக மூச்சு விட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அப்போ எடு என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஓலை கழிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.