பென்சிலால் எழுதிய மூன்றாவது பாட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய ஆர்மோனியத்தின் துருத்திக்குள்ளிருந்து கிடைத்தது. ஓட்டையை அடைக்க யாரோ ஒரு நிகழ்ச்சித் தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். 1931 கார்த்திகை, மார்த்தாண்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பாடல் திருநாள். ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று பாட்டு. திருவட்டாற்றுப் பக்கத்துச் சிறு பள்ளி ஒன்றுக்கு மட்டும் அச்சில் இரண்டே பாட்டுகள். மூன்றாவது பென்சிலில் இருந்தது: ‘நாற்றுப் பாட்டு’.

ஏன் பென்சில்? எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன். இனி வருகிற ஆட்கள் எல்லோரும் நான் உண்டாக்கியவர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை விட்டிருந்தது. நேசபாய் டீச்சர் சன்னலோரம் நின்று தூரத்து மலையை —’

வேண்டாம். பதினெட்டுப் பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டியவளுக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்?

2

நேசபாய்க்கு இருபத்தாறு வயது. பாட்டுக் குழு அந்த வருஷம்தான் அவள் கைக்கு வந்தது. முதல் நாள் பிள்ளைகளைப் பாடவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். பின்வரிசையில் ஆறு பேரிடமிருந்து சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஏட்டி பூங்கனி, தொண்டை கட்டியிருக்கா?”

“இல்ல டீச்சர். நாங்க வாயசைக்கிற பிள்ளிய. உபதேசியார் போன வருசமே சொல்லியாச்சு.”

‘நான் நாலாம் வகுப்பு’ என்று சொல்வதைப் போலத்தான் பூங்கனி அதைச் சொன்னாள். நேசபாய்க்கு அதுதான் தாங்கவில்லை.

(இங்கே, சிறுவயதில் நேசபாயையும் யாரோ அப்படி வாயசைக்கச் சொன்னார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தனக்கு நடந்திருந்தால்தான் ஒருத்திக்குப் பிறர் வலி தெரியுமா என்ன?)

3

பள்ளியை நடத்தும் கிறிஸ்தவ சபையின் உபதேசியார் ஞானதாசனை முதல் வரைவில் கெட்டவராக எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன். யாரும் சொல்லித்தராமல், ஒரே ஒரு சுரப் புத்தகத்தை வைத்து நான்கு குரல் இசையைத் தானே கற்றுக்கொண்ட மனிதர் அவர். நான்கு குரலும் வந்து சேருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அந்த அழகு கலைந்துவிடக் கூடாதென்றுதான் ஆறு பிள்ளைகளை ஊமையாக்கினார்.*

“மூணும் ஒரே மாதிரிப் பாட்டா இருந்தா, மூணு தடவையும் ஒரே பிள்ளியதான் பாடும், உபதேசியாரே,” என்றாள் நேசபாய். “மத்த பிள்ளிய என்ன செய்யும்?”

“போன வருசம் ரெண்டாம் எடம் கிடைச்சது இப்பிடிப் பாடித்தான். இந்த வருசம் எறங்கிச்சுன்னா ஒனக்க வேலையைப் பத்தி மேல கேப்பாங்க. அப்ப எனக்க கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கோ.”

அது மிரட்டல் இல்லை. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

* இதனால் அவர் செய்தது சரியென்று ஆகாது. மீசையை எடுத்தேனே தவிர, தப்பை எடுக்கவில்லை.

4

நேசபாய் ஒவ்வொரு தொண்டையாகக் கேட்டுப் பாட்டுத் தேடினாள். உபதேசியாருக்குப் பிடித்த நான்கு குரல் ஞானப்பாட்டை முதலில் வைத்தாள். சுருதியை மட்டும் இரண்டு படி இறக்கினாள். குரலை வளைத்து நெளிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்காக விறுவிறுவென்று ஓடும் ஒரு கீர்த்தனை. பின்வரிசைத் தடித்த குரல்களுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

அது கிணற்றடியில் கிடைத்தது. சிலேட்டைக் கழுவிக்கொண்டே பூங்கனி பாடிக்கொண்டிருந்தாள், வாயை நன்றாகத் திறந்து. அவளுடைய அம்மா செல்லக்கனி வயலில் நடவின்போது பாடுகிற பாட்டு.

5

டீச்சர் கூப்பிட்டு வந்த செல்லக்கனி பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்திருந்தது.

“எனக்க பாட்டைப் படிச்சா அங்க உள்ளவிய சிரிப்பாவளே, டீச்சர். நாங்க சபையில உள்ள ஆளும் இல்ல.”

“நீங்க முன்னால படிங்க. பிள்ளிய பின்னால படிக்கட்டும்.”

‘நாத்துமுடி அவுத்தாச்சு’ என்றாள் செல்லக்கனி. ‘ஏலேலோ’ என்றார்கள் பிள்ளைகள். ‘நட்ட வயல் பச்சையாச்சு.’ ‘ஏலேலோ.’ மூன்றாம் வரியைப் பூங்கனி அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். பின்வரிசை ஆறு பேரும் தாளத்தில் கச்சிதமாக விழுந்தார்கள். முன்வரிசைதான் தடுமாறியது. அந்தப் பள்ளியில் முதல் தடவையாக, முன்வரிசை திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தது.

வாசலில் ஞானதாசன் வந்து நின்றிருந்தார். ‘அவர் கண்ணில் நீர் —’ இல்லை. அவ்வளவு சீக்கிரம் உருகுகிற ஆள் இல்லை அவர்.

“ரெண்டு பாட்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கேன். இந்தச் சேத்துப் பாட்டுக்குப் போட மாட்டேன்,” என்றார். படியிறங்கப் போனவர் திரும்பினார். “தடுக்கவும் மாட்டேன். தாளம் ஓடுது, பிடிச்சு நிறுத்து.”

6

திருநாளன்று முதல் இரண்டு பாட்டும் முடிந்ததும் நேசபாய் நடுவரிடம் போனாள். “எங்களுக்கு இன்னும் ஒண்ணு உண்டு.” அவர் நிகழ்ச்சித் தாளை நீட்டினார். அவளே பென்சிலால் எழுதினாள். நின்றபடியே எழுதியதில் எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது.

பூங்கனி எடுத்தாள். முதல் ஏலேலோவிலேயே பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

இதற்குப் பிறகு இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் முதல் பரிசு. இன்னொன்றில் பாதியில் நிறுத்தி இறக்கிவிடுகிறார்கள். இரண்டையும் கிழித்தேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: சிரிப்பைக் கேட்ட பூங்கனி டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் கை தாளத்தை விடவில்லை. அடுத்த வரி முந்தியதைவிட ஓங்கி வந்தது. பதினெட்டுப் பேரும் பதில் சொன்னார்கள். சத்தமில்லாமல் அசைந்த வாய் ஒன்றுகூட இல்லை. இதை நான் மாற்ற மாட்டேன். நீங்களும் மாற்றக் கூடாது.

7

எத்தனையாவது இடம் என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. திரும்பி வரும் இரண்டு மாட்டு வண்டிகளிலும் வேறொரு சண்டை நடக்கிறது.

“மொதப் பாட்டுதான் கொள்ளாம்!”

“போடே, கீர்த்தனைதான்!”

“ஏலே, நாத்துப் பாட்டுல தாளம் தெரியாம முழிச்சது யாருல?”

நேசபாய் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டாள். வண்டிக்காரர் அருகில் உட்கார்ந்திருந்த ஞானதாசனைப் பூங்கனி பிடித்துக்கொண்டாள். “உபதேசியாரே, நீங்க சொல்லுங்க. எது நல்லாருந்து?”

அவர் திரும்பினார். பேச வாயெடுத்தார்.

என்ன சொன்னார் என்பதை உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.